இரண்டாம் வகுப்பில் வாய் திறக்காத பையன்

வருகை எடுக்கும்போதுகூட தலையை மட்டும்தான் ஆட்டுவான். எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் வகுப்பில், பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அதில் இவனை எங்கே உட்கார வைப்பது? பேசினால்தானே தெரியும்!

வழி பிறந்தது காலை உணவில். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் திட்டம் வந்தது. என் டிபன் டப்பாவோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார ஆரம்பித்தேன். பாடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. (எடுத்திருந்தால் எழுந்து ஓடியிருப்பான்.) ஒரு புதன்கிழமை பொங்கலிலிருந்து மிளகைப் பொறுக்கித் தட்டோரம் வரிசையாக வைத்தான்.

"எனக்கும் பிடிக்காதுடா" என்றேன்.

"எங்க ஆயா மிளகே போடாது டீச்சர்."

அம்மா அப்பா திருப்பூரில் வேலையாம், ஆயாவிடம்தான் வளர்கிறான். மிளகை எண்ணச் சொன்னேன், தடுமாறாமல் எண்ணினான். கணக்கில் மொட்டு, எழுத்தில் இன்னும் அரும்புதான். இப்போது ஆயாவின் ஆடு குட்டி போட்ட கதைவரை சொல்கிறான், நிறுத்துவதுதான் பெரும்பாடு.