இரண்டாங்கட்டில் ஃபஹ்மிதா ரியாஸ் வாசிக்க

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் எங்கள் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் வாசிப்புக் கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், பாதிக்கு மேல் ஆச்சிமார். போன வருஷம் பாகிஸ்தானின் உருதுக் கவிஞரும் நாவலாசிரியருமான ஃபஹ்மிதா ரியாஸை எடுத்தோம். முதல் தடவை சொதப்பினேன், இரண்டாம் தடவை ஒருவாறு அமைந்தது. உங்கள் ஊரிலும் செய்து பார்க்க நினைத்தால், நான் பட்டதைச் சொல்கிறேன்.

வாழ்க்கைக் குறிப்பில் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். மீரட்டில் பிறந்தார், சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் வளர்ந்தார், 1967இல் முதல் தொகுப்பு, லண்டனில் பிபிசி உருதுப் பிரிவில் வேலை என்று முக்கால் மணி நேரம் வாசித்துத் தள்ளினேன். வெள்ளைப் பணியாரம் காலியானதும் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

ஒரே ஒரு கவிதை போதும். ‘சாதர் ஔர் சார்தீவாரி’யை எடுங்கள். சாதர் என்றால் போர்த்திக்கொள்ளும் துணி, சார்தீவாரி நாலு சுவர். பெண்ணுக்கு இவை இரண்டும்தான் காப்பு என்பது பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்துக் கோஷம். அதையே தலைப்பாக்கித் திருப்பிக் கேட்கிறார்: இந்தக் கறுப்புத் துணியை எனக்கு எதற்குத் தருகிறீர்கள், நான் என்ன துக்கமா காக்கிறேன்? வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் சுவருமாக இருக்கிற வீட்டில் உட்கார்ந்து இதை வாசித்துப் பாருங்கள், விளக்கவுரை அதிகம் தேவைப்படாது.

மூலத்தின் ஓசை ஒரு தடவையாவது காதில் விழ வேண்டும். இதற்காக எங்கள் தெரு மளிகைக்கடை பாயிடம் அச்செடுத்த தாளோடு போய் நின்றேன். “ஆச்சி, நாங்க வீட்ல பேசுறது தமிழு, ஓதுறது அரபி. உருது எங்க தெரியும்?” என்று சிரித்தார். நாற்பது வருஷமாக அவரிடம் துவரம்பருப்பு வாங்குகிறேன், இதுகூடத் தெரியவில்லை எனக்கு. ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தார். அரபியில் இல்லாத ‘ச்ச’, ‘ப’ ஒலிகளுக்கு உருதில் தனி எழுத்துகள் உண்டு, அங்கெல்லாம் தட்டிற்று. கடைசியில் கைகொடுத்தது ரேக்தா என்ற உருதுக் கவிதை இணையதளம். நாகரி எழுத்திலும் கவிதை கிடைக்கும், சொல்லைத் தொட்டால் பொருள் வரும். இந்திப் பரீட்சையில் மத்யமா முடித்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும்.

முதல் சொல்லிலேயே கொஞ்சம் நில்லுங்கள்: ஹுஸூர். ‘ஐயா’ என்று மொழிபெயர்த்தால் அதிலுள்ள நக்கல் காணாமல் போகும். எங்களுக்கு வழி காட்டியவர் வருவாய்த்துறையில் ஓய்வுபெற்ற ஒருவர். கலெக்டர் ஆபீஸில் ஹுசூர் சிரஸ்தார் என்று ஒரு பதவி உண்டே, அதே ஹுசூர்தானே என்றார். அப்புறம் பாக்கி, வசூல், ஜப்தி என்று ஆளாளுக்கு அடுக்க ஆரம்பித்தார்கள். வட்டிக்கடைப் பேரேட்டில் நாள்தோறும் எழுதிய சொற்கள், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. உருதுமேல் இருந்த கூச்சம் அங்கே விட்டது.

இதற்கப்புறம் வாழ்க்கைக்கு வரலாம், அதுவும் சுருக்கமாக. ‘ஆவாஸ்’ என்ற பத்திரிகை நடத்தினார், வழக்குகள் குவிந்தன, தேசத்துரோக வழக்கு உட்பட. 1981இல் பிள்ளைகளோடு டெல்லிக்கு வந்துவிட்டார். அங்கே ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் வேலை, ஏறக்குறைய ஏழு வருஷம் இங்கே. பிறகு திரும்பிப் போனார், 2018இல் லாகூரில் காலமானார். இவ்வளவும் பத்து நிமிஷம்.

மிச்ச நேரத்தை உங்கள் வீட்டில் யார் ஊரை விட்டுப் போனது என்ற கேள்விக்கு விடுங்கள். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க (தொழில் செய்ய) போனவர். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் வருவார். அப்பத்தா இதே இரண்டாங்கட்டில் இருந்தார். எண்பது வயது ஆச்சி ஒருவர் எங்களிடம் கேட்டார்: “போனவுகளத்தான் எல்லாரும் எழுதுறாக. இது பொம்பள, அதுவே போயிருக்கு. அப்ப வீட்ல யாரு இருந்தா?” யாரிடமும் பதில் இல்லை, ஆனால் பேச்சு இருட்டும்வரை போனது.

நாவல்களை அன்றைக்கே இழுக்க வேண்டாம். ‘கோதாவரி’, ‘ஜிந்தா பஹார்’, ‘கராச்சி’ மூன்றும் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான் என்று ஒவ்வொரு நாட்டைப் பற்றியவை, தனித்தனி மாதம் கேட்கும். நாங்கள் ‘கோதாவரி’யில் தொடங்கினோம்.

பணியாரத்தைக் கவிதை முடிந்த பிறகு எடுத்து வையுங்கள்.