அயல்நாட்டு மன்னரைக் கேலி செய்த புரட்சிக்கால அச்சுப்படங்களைப் படிக்கும் முறை

பிரெஞ்சுப் புரட்சி நடந்த ஆண்டுகளில் லண்டனிலும் பாரிசிலும் செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்டு விற்கப்பட்ட கேலிச்சித்திரங்களை, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பிரெஞ்சுத் தேசிய நூலகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் யாரும் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்ப்பவர் கண் முதலில் கிரீடம் அணிந்த உருவத்தின் மீதே விழும்; ஆனால் படிப்பைத் தொடங்க வேண்டிய இடம் படத்தின் கீழ் விளிம்பு. ஓவியர் ஹோகார்த் முன்னின்று பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிப்புரிமை வேண்டுவோர் உரிமையாளர் பெயரையும் வெளியிட்ட நாளையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டியிருந்தது. அதனால் லண்டன் படங்களில் பெரும்பாலும் நாள், கடை, தெரு மூன்றும் கிடைக்கின்றன. முதலில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த நாளுக்கு முந்தைய சில வாரங்களில் என்ன செய்தி வந்தது என்று தேடுங்கள். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் ஒரு காலை ரஷ்யாவிலும் மறுகாலைத் துருக்கியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளின் பிறைமீதும் ஊன்றி நிற்க, போப்பாண்டவரும் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியும் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜும் துருக்கிச் சுல்தானும் கீழிருந்து அவருடைய பாவாடைக்குள் அண்ணாந்து பார்க்கும் படம் ஒன்று உண்டு. அதை லண்டனில் அச்சுப்படக் கடைக்காரர் வில்லியம் ஹாலந்து 1791 ஏப்ரல் 12 அன்று வெளியிட்டார். கருங்கடற்கரையில் ரஷ்யா பிடித்திருந்த ஒச்சாக்கோவ் கோட்டையைத் துருக்கிக்குத் திருப்பித் தருமாறு மிரட்ட மார்ச் இறுதியில் முடிவு செய்த பிரிட்டிஷ் பிரதமர் பிட், உள்நாட்டு எதிர்ப்பால் பின்வாங்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை. நாளை அறியாமல் பார்த்தால் பேரரசியைப் பற்றிய ஆபாசப் படமாக மட்டுமே தெரிவது, நாளை அறிந்தபின் அவரைத் தடுக்க முடியாத மற்ற அரசர்களின் கையாலாகாத்தனத்தையும் காட்டுகிறது. அதற்காக ஆபாசத்தைக் கண்டும் காணாமல் விடக் கூடாது: கேத்தரினையும் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்தையும் தாக்கிய படங்கள் மீண்டும் மீண்டும் அவர்களின் உடலையே ஆயுதமாக்கின என்பதையும், ஆண் அரசர்களின் அரசியல் கேலி செய்யப்பட்ட அளவுக்கு இவர்களின் அரசியல் பேசப்படவில்லை என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பதே நேர்மையான வாசிப்பு.

ஆட்களை அடையாளம் காண முகத்தை மட்டும் நம்ப வேண்டாம். மும்முடி போப்பாண்டவரையும், பிறை துருக்கியையும், ஒடுங்கிய உடலும் கூர்மூக்கும் பிட்டையும் காட்டும். மூன்றாம் ஜார்ஜை அவர் வாயிலிருந்து வரும் “என்ன? என்ன?” என்ற படபடப்பே காட்டிக்கொடுத்துவிடும். சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792 மார்ச்சில் சுடப்பட்டு இறந்த செய்தியை லண்டன் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே ஏப்ரல் 11 அன்று படமாக்கினார். அதில் மலங்கழிக்கும் இருக்கையில் அரசியோடு அமர்ந்திருக்கும் ஜார்ஜிடம் பிட் ஓடி வந்து அந்தச் செய்தியைச் சொல்கிறார். கொல்லப்பட்டவர் அயல்நாட்டு மன்னர். கேலிக்கு ஆளாகிறவரோ சொந்த நாட்டு மன்னர். ஆகவே, பிறநாட்டு அரசரின் பெயர் தலைப்பில் இருக்கும்போதெல்லாம் அடி உண்மையில் யார் மீது விழுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதும் கேள்வி, படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது. லண்டனில் பெரும்பாலும் கடைக்காரரே முதலாளி; அவருடைய சார்பு படத்திலும் தென்படும். மேலே சொன்ன ஹாலந்து, புரட்சியை ஆதரித்த எழுத்தாளர் தாமஸ் பெய்னின் எழுத்தை விற்றதற்காக 1793இல் சிறை சென்றவர். கில்ரேயோ 1797 முதல் அரசுத் தரப்பிலிருந்து ஆண்டுதோறும் உதவித்தொகை பெற்றார். அதற்கு முன்னும் பின்னும் வந்த அவருடைய படங்களை ஒரே தராசில் நிறுக்க இயலாது.

பாரிசில் நிலைமை வேறு. 1793 செப்டம்பரில் புரட்சி அரசின் பொதுப் பாதுகாப்புக் குழு, சுதந்திரத்தின் பகைவர்கள் எவ்வளவு கொடியவர்கள், எவ்வளவு நகைப்புக்குரியவர்கள் என்று மக்களுக்கு உணர்த்தும் கேலிச்சித்திரங்களை உருவாக்குமாறு ஓவியர் ழாக்-லூயி தாவீதைக் கேட்டுக்கொண்டது. ரோமானிய வீரர்களையும் கொலையுண்ட புரட்சியாளர் மராவையும் அத்தனை கம்பீரமாகத் தீட்டிய அதே கை, ஜார்ஜ் மன்னர் குடுவைகளால் ஆன படையைத் தலைமை தாங்கி வருவதாகவும், பிட் வான்கோழியாக அவரை நடத்திச் செல்வதாகவும், நகர வாயிலின் மேலிருந்து சான்-குலோத்துகள் எனப்பட்ட எளிய புரட்சிக்காரர்கள் அப்படையின் மீது மலங்கழிப்பதாகவும் வரைந்தது. இன்னொரு படத்தில் ஆங்கில அரசு தோலுரிக்கப்பட்ட பேயாக நின்று மக்கள்மீது வரிகளை வாந்தியெடுக்கிறது. மன்னரின் முகம் அதன் பின்புறத்தில் இருக்கிறது. அடியில் விளக்கவுரையும் உண்டு. அதைத் தாண்டிச் செல்லாமல் வரிவரியாகப் படத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். படத்தில் உள்ளவர் யார், அவரை எப்படி எண்ண வேண்டும் என்று குடிமக்களுக்குச் சொல்லித்தர அரசு எடுத்த முயற்சியை அங்கே நேராகக் காணலாம்.

இறுதியாக, கையில் அல்லது திரையில் உள்ள பிரதி எத்தகையது என்று பாருங்கள். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் இட்டு உருவாக்கிய படத்தைச் சுற்றி, தகடு அழுந்திய விளிம்புத் தடம் இருக்க வேண்டும்; ஆனால் பழைய உரிமையாளர்கள் பலர் விளிம்பை வெட்டிவிட்டதால் அது இல்லாமையே போலிக்குச் சான்றாகாது. வண்ணம் கையால் தீட்டப்பட்டதால் பிரதிக்குப் பிரதி மாறும். சட்டையின் நிறத்தை வைத்துக் கட்சியை முடிவு செய்வதற்கு முன் வேறு பிரதிகளையும் பாருங்கள். கில்ரே படம் ஒரே தாளின் இருபுறமும் வண்ணமின்றி அச்சாகியிருந்தால், அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் போன் என்ற பதிப்பாளர் பழைய தகடுகளைக் கொண்டு மறுபடி அச்சிட்ட தொகுதியைச் சேர்ந்தது. இடவலம் மாறி இருந்தால், வேறொருவர் அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் கீறிய நகலாக இருக்கக்கூடும். அப்போது மூலத்தோடு அருகருகே வைத்து, நகல் எடுத்தவர் எந்தப் பேச்சை நீக்கினார், எந்த அரசரைச் சேர்த்தார் என்று தேடுங்கள். படம் எல்லை தாண்டியபோது அதன் அரசியல் எங்கே திரும்பியது என்பது அந்த மாற்றங்களில்தான் தெரியும்.