நெஞ்சு எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும்: மாணவர் கண் தவறும் இடங்கள்

வார்டில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே திரையில் விரிந்த மறுகணமே, "வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது" என்று மாணவர் சொல்லிவிடுவார். அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே படத்தில், இடது பக்க விலா எலும்பு ஒன்று அரித்துப்போயிருப்பதை அவர் பார்த்திருக்க மாட்டார். விடை கிடைத்துவிட்டது என்று கண் ஓய்ந்துவிடுகிறது. சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து படம் பார்த்துவரும் எனக்கு, பாடம் தெரியாமல் நேரும் பிழைகளைவிட, முதல் விடையோடு நின்றுவிடுவதால் நேரும் பிழைகளே அதிகமாகத் தென்பட்டிருக்கின்றன.

இது அனுபவமுள்ளவர்களுக்கும் நேர்வதுதான். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சிடி ஸ்கேனில் நுரையீரல் கட்டிகளைத் தேடச் சொல்லிவிட்டு, படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி வைத்தார்கள். 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை கொரில்லாவின் மீதே விழுந்திருந்ததைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. எனவே ஒன்றைக் கண்டுபிடித்த பிறகும், வழக்கமான வரிசையில் மீதியை முழுவதும் பார்த்து முடிக்க வேண்டும். நுரையீரல் உச்சிகள், இதயத்தின் பின்புறம், ஹைலம் (மூச்சுக்கிளைக் குழாயும் இரத்தநாளங்களும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்), உதரவிதானத்துக்குக் கீழே உள்ள பகுதி, எலும்புகள் ஆகிய ஐந்தையும் கடைசியில் ஒருமுறை தனியாகத் திரும்பிப் பாருங்கள். இடது நுரையீரலின் கீழ் மடல் சுருங்கி, இதய நிழலுக்குள் முக்கோணமாக ஒளிந்திருப்பது இப்படித் திரும்பிப் பார்ப்பவருக்கே தெரியும்.

நோயைத் தேடுவதற்கு முன் படத்தையே சோதிக்க வேண்டும். பெயர், தேதி, வலது இடது குறி ஆகியவற்றுக்குப் பிறகு, அது பிஏ படமா (கதிர் முதுகிலிருந்து முன்பக்கம் போவது) ஏபி படமா (முன்பக்கத்திலிருந்து முதுகுக்குப் போவது) என்று பாருங்கள். படுக்கையருகே எடுக்கும் படம் பெரும்பாலும் ஏபி. அதில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நெஞ்சின் உள்ளகலத்தில் இதயம் பாதியைத் தாண்டக்கூடாது என்ற கணக்கு, நன்றாக மூச்சை இழுத்து எடுத்த பிஏ படத்துக்கு உரியது. காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் இல்லையென்றால் நோயாளி திரும்பியிருக்கிறார். ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மல்லாந்து படுத்தவரிடம் நுரையீரலுக்கு வெளியே கசிந்த காற்று, உச்சியில் அல்லாமல் முன்பக்கமாகக் கீழே சேர்வதால், அந்தப் பக்கத்து விலா உதரவிதானக் கோணம் வழக்கத்தைவிட ஆழமாகவும் கருமையாகவும் தெரியும். உச்சியில் கோடு இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு, காற்றுக்கசிவு இல்லை என்று எழுதிவிடக்கூடாது.

ஓர் இளம்பெண்ணின் படத்தை நான் மறக்கவில்லை. வலது உச்சியில் மங்கலான, வரிவரியான நிழல் இருந்தது. உடனிருந்த மாணவி காசநோய் என்று எழுதிவிட்டார். வேலை அனுமதிக்காக வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் காசநோயைக் கருதி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் ஊரில், அவர் மனம் அங்கே ஓடியது இயல்புதான். ஆனால் அந்த நிழல் காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துவரை நீண்டிருந்தது. நுரையீரலுக்குள் இருக்கும் நிழல் அதன் எல்லையைத் தாண்டிக் கழுத்துக்குள் போகாது. அது அந்தப் பெண்ணின் பின்னல். சடையைத் தூக்கிக் கட்டி மீண்டும் எடுத்த படத்தில் எதுவும் இல்லை. மார்புக் காம்பு, தோல் மடிப்பு ஆகியவையும் இப்படி ஏமாற்றும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முதியவர் ஒருவரின் உச்சியில் வடு தெரிந்தால், "பழைய காசநோய்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பழையது என்று சொல்ல முந்தைய படம் வேண்டும். சில ஆண்டுகளாக மாறாத வடு வேறு. மூன்று மாதத்தில் தடித்த வடு வேறு. பின்னதில் மீண்டும் கிளம்பிய நோயோ புற்றுநோயோ இருக்கலாம்.

சிடி ஸ்கேனில், நோயாளியின் காலடியிலிருந்து பார்ப்பதுபோல் படம் அமைந்திருக்கும். திரையின் இடப்பக்கம் அவருடைய வலப்பக்கம். இதை எல்லோரும் விரைவில் கற்றுவிடுகிறார்கள். கற்காமல் போவது, விண்டோவை, அதாவது எந்த அடர்த்தி வரம்பைத் திரையில் கறுப்பு வெள்ளையாக விரித்துக் காட்டுவது என்ற அமைப்பை, மாற்றும் பழக்கம். சிடியின் அடர்த்தி அலகில், நுரையீரலுக்கு ஏறத்தாழ 1500 அகலமும் −600 மையமும், மென்திசுவுக்கு 400 அகலமும் 40 மையமும் வைப்பார்கள். ஒன்றில் மட்டும் பார்த்தால் மற்றதில் தெரியும் நிணநீர்க் கணுவோ சிறு கட்டியோ இல்லாததுபோலவே ஆகிவிடும். எலும்புக்கும் தனி விண்டோ உண்டு. உருண்டையாகத் தெரியும் ஒரு புள்ளியை ஒரே வெட்டில் வைத்துக் கட்டி என்று முடிவு செய்யாமல், மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். குழாயாக நீண்டுபோனால் அது இரத்தநாளம். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டியைத் தேடும்போது, மூச்சு அசைவும் இரத்தநாளத்தில் செலுத்திய சாயம் சரியாகக் கலக்காததும் இரத்தக்கட்டிபோலத் தோன்றும் என்பதை மனத்தில் வையுங்கள்.

மூக்குவழி உணவுக்குழாய் போட்டபின் எடுக்கும் படத்தில், முதலில் அந்தக் குழாயைத்தான் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் பிரியும் இடத்தை அது நடுவாகக் கடந்து, உதரவிதானத்தைத் தாண்டி, நுனி இடப்புறம் வயிற்றுக்குள் தெரிகிறதா என்று விரலால் தொடர்ந்துபோய்ப் பாருங்கள். தாதி பாலுடன் காத்திருந்தாலும், நுனி கண்ணில் படும்வரை சரி என்று சொல்லாதீர்கள்.