பல்லுக்கொதியோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பல் வைத்தியரின் கதிரையில் ஏறினாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ரொறன்ரோவில் ஒருமுறை ஊசியின் விறைப்பு முழுதாக ஏறமுதலே கடைவாய்ப்பல்லில் கை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் பல்லைப் பார்த்தது யாழ்ப்பாணத்தில். செலவு குறைவு என்று நினைத்துத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பயந்தவருக்கு அங்கே கிடைக்கிற பெரிய வசதி பாஷை.

ஆங்கிலத்தில் "பெயின்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவேன். தமிழில் கூசுது, விண்விண்ணெண்டு இடிக்குது, கடிச்சால் நோகுது என்பவை மூன்றும் வேறு வேறு. குளிர்தண்ணிக்குக் கூசி உடனே அடங்கினால் பெரும்பாலும் பல்லின் நரம்பு தப்பியிருக்கும். இரவு நித்திரையைக் கெடுத்து இடித்தால் நரம்பு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உள்ளே அடைக்கிற வேர்ச் சிகிச்சை வரை போக வேண்டி வரலாம். கடிக்கும்போது மட்டும் நோவென்றால் வேர் நுனியில் சீழோ, பல்லில் வெடிப்போ இருக்கலாம். ஊர் வைத்தியர் இந்தச் சொற்களிலேயே பாதி விசயத்தைப் பிடித்துவிடுவார்.

அதே வாயால் "எனக்குச் சரியான பயம் டொக்டர்" என்பதையும் முதல் வசனமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் "ஒண்டுமில்லை, வாயைத் திறவுங்கோ" என்பதோடு கதை முடிந்துவிடும். வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வாய்க்குள் கருவி போனபிறகு பேசவும் முடியாது. ஆகவே இடக்கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று தொடங்கமுதலே ஒத்துக்கொள்ள வையுங்கள். நான் அன்று இரண்டு முறை தூக்கினேன். இரண்டாவது தரம் நோவே இல்லை, நிறுத்துவாரா என்று பார்க்கத்தான். நிறுத்தினார்.

ஊசியைப் பற்றி ஒன்று. முரசில், அதாவது பல் ஈறில், முதலில் மரக்கச் செய்யும் ஜெல் பூசச் சொல்லிக் கேளுங்கள். பிறகு போடுகிற லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்தில் வழமையாக அட்ரினலினும் கலந்திருக்கும், விறைப்பு நீடிக்கவும் இரத்தம் வடிவது குறையவும். அது கொஞ்சம் இரத்தத்தில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். எனக்கு மாரடைப்பு என்றே தோன்றியது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டது. இருதய வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் குடிக்கும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான மருந்து, பெனிசிலின் ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். சீழ் பிடித்த பல்லில் விறைப்பு சரியாகப் பிடிக்காமல் போகலாம். அது உங்கள் பயத்தின் பிழையில்லை, "இன்னும் நோகுது" என்று சொல்லுங்கள்.

இனி ரிக்கெற் கணக்கு. நாலு கிழமை லீவென்றால் பல்லை முதல் கிழமையிலேயே தொடங்குங்கள். முதல் நாள் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, கதைத்துவிட்டு எழும்பி வாருங்கள். பயந்தவருக்கு அந்த வெறும் வருகை பெரிய மருந்து. வேர்ச் சிகிச்சைக்கு ஒன்றிலிருந்து மூன்று தரம் போக வேண்டி வரும். அதன்மேல் மூடிபோலப் போடும் கிரவுன், அதைச் செய்கிற லாப்பிலிருந்து வர இன்னும் சில நாள். தாடையெலும்பில் திருகாணி இறக்கிப் பல் கட்டும் இம்பிளான்ட் என்றால் எலும்போடு பிடிக்கவே 3 முதல் 6 மாதம் செல்வது வழமை, ஒரு பயணத்தில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்பவரிடம் எப்படி என்று விளக்கம் கேளுங்கள். பல்லுப் பிடுங்கினால் மூன்றாம் நாளளவில் குழி காய்ந்து கடும் நோ கிளம்பக்கூடும், அந்த நாளில் நீங்கள் விமானத்தில் இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாளுக்கும் வெளிநாட்டுச் சனம் ஊரில் நிறைந்திருக்கும். அரசாங்க வைத்தியர்கள் பலர் பின்னேரங்களில் தான் தனியாரில் பார்ப்பார்கள், முன்கூட்டியே சனல் பண்ணி, அதாவது நேரம் பதிந்து, வைப்பது நல்லது.

இலங்கை மருத்துவச் சபையில் பல் வைத்தியராகப் பதிவுள்ளவரா என்று பாருங்கள். பதிவில்லாமல் பல்லுக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கருவிப் பொதியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லலாம், நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் போன பொதியின் அடையாளக்கோடு நிறம் மாறியிருக்கும். சொந்தக்காரரின் கைவைத்தியத்தில் கராம்பு கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் கராம்பெண்ணெயை முரசில் அப்பினால் புண்ணாகும். கடையில் தானே வாங்கிப் போடுகிற அன்ரிபயோட்டிக் நரம்பு நோவை மாற்றாது.

திரும்பிவரும்போது எக்ஸ்ரேப் பிரதியையும் என்ன செய்தார்கள் என்ற குறிப்பையும், இம்பிளான்ட் என்றால் அதன் கம்பனிப் பெயரும் இலக்கமும் உள்ள ஸ்ரிக்கரையும் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாவிட்டால் இங்குள்ள வைத்தியர் அந்தப் பல்லில் கை வைக்கவே யோசிப்பார்.

விறைப்பு இறங்கச் சில மணித்தியாலம் ஆகும். எனக்கு முடிந்த கையோடு பெரியம்மா வீட்டில் பிளேன்ரீ கொதிக்கக் கொதிக்க வந்தது, மறுக்க முடியவில்லை. உதடு வெந்தது அன்றிரவுதான் தெரிந்தது.