நம் வீட்டை வானிலிருந்து பார்ப்பது எப்படி?

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டைச் செயற்கைக்கோள் படத்தில் முதன்முதலில் தேடியபோது, பொள்ளாச்சிச் சாலைச் சோதனைச்சாவடி உள்ள ஊர் அருகில் இருக்கிறதே என்று எண்ணி "கோபாலபுரம்" எனத் தட்டினேன். சென்னையின் மாடிவீடுகள் திரையில் வந்து நின்றன. சரி, தாலுக்காத் தலைநகரைப் போடுவோம் என்று "சித்தூர்" எனத் தட்டியதும் ஆந்திராவுக்குப் போய்விட்டது. ஆகவே எல்லைப்புறத்துக்காரர்கள் ஊர்ப்பெயரை நம்பித் தேடலைத் தொடங்க வேண்டாம்.

முதலில் கைப்பேசியில் கூகுள் மேப்ஸ் செயலியைத் திறந்து, வலப்புறம் மேலே அடுக்குகளைப் போலத் தெரியும் குறியைத் தொட்டு, "சாட்டிலைட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இருப்பிட வசதியை இயக்கிவிட்டு வீட்டுக்குள் நில்லாமல் வாசலுக்கு வந்தால், நீலப்புள்ளி நீங்கள் நிற்கும் இடத்திலேயே அநேகமாக நிலைகொள்ளும். அந்த இடத்தில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சிவப்பு ஊசி ஒன்று குத்திக்கொள்ளும். கூடவே இரண்டு எண்களும் கிடைக்கும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. எங்கள் பகுதியில் அவை 10, 76 என்று தொடங்கும். புள்ளிக்குப் பின்வரும் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் ஏறத்தாழ 11 மீட்டர் நகர்ந்துவிடும் என்பதால் எதையும் வெட்டாமல் அப்படியே நகலெடுங்கள். துபாயில் இருக்கும் தம்பிக்கு அந்த எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தேடல் பெட்டியில் ஒட்டியதுமே அவர் நம் வாசலுக்கு வந்துவிடுவார்.

வெளியூரில் இருந்துகொண்டு எண்கள் இல்லாமல் தேடுபவர்கள், பொள்ளாச்சி–பாலக்காடு ரயில்பாதை, வாய்க்கால், கோயில் குளம் என்று தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நடந்து வருவதுபோலப் படத்தை நகர்த்த வேண்டும். தோப்பை அடைந்த பின் வீட்டைத் தேடாதீர்கள், களத்தைத் தேடுங்கள். பழைய ஓட்டுக்கூரை மரநிழலில் கரைந்துவிடும், ஆனால் தேங்காய் காயவைக்கும் சிமெண்டுக் களம் வெள்ளைச் சதுரமாகப் பளிச்சென்று தெரியும். கிணறு கருவட்டமாக அதன் அருகிலேயே இருக்கும். தென்னையின் தலை மேலிருந்து பார்க்க நட்சத்திரம் போல இருக்கும். இத்தகைய படங்கள் பெரும்பாலும் முற்பகலில் எடுக்கப்படுவதால் நிழல் மேற்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதை வைத்தே எது மரம், எது புதர் என்று பிரித்தறியலாம்.

திரையில் தெரிவது இந்த நிமிடத்துக் காட்சி அன்று. சில மாதங்கள், சில வேளைகளில் சில ஆண்டுகள் பழையதாக இருக்கும். படம் பிடித்த நாளை அறிய, கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை நிறுவிக்கொள்ளுங்கள். 2015 முதல் அது இலவசம். மேற்பட்டையில் உள்ள கடிகாரக் குறியைச் சொடுக்கி, தோன்றும் அளவுகோலைப் பின்னோக்கி இழுத்தால் அதே இடத்தின் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மழைமேகம் மறைத்துவிடும் என்பதால், கோடைக்கு முந்திய மாதங்களின் படங்களைப் பார்ப்பது நல்லது.

இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் தளத்திலும் இவ்வாறு பார்க்கலாம். வயலின் பச்சை எப்படி மாறுகிறது என்பதே உங்கள் அக்கறை என்றால், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசமாகக் காணலாம்; அவற்றில் ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் வீடு ஓரிரு புள்ளிகளாகவே தெரியும்.

கூகுள் எர்த் ப்ரோவின் ரூலர் கருவியில் பலகோணத்தைத் தேர்ந்து நிலத்தின் விளிம்பைச் சுற்றி வந்தால் பரப்பு கிடைக்கும். சதுர மீட்டரை 40.47 ஆல் வகுத்தால் சென்ட் கணக்கு வரும். நான் அளந்தபோது பத்திரத்தில் உள்ளதைவிட மூன்று சென்ட் கூடுதலாக வந்தது. வீட்டில் சற்று நேரம் மகிழ்ச்சிதான். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், எங்கள் ஓரத் தென்னைகளின் மட்டைகள் வரப்பைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தின்மேல் கவிந்திருப்பதும், நான் அந்த மட்டை நுனிகளையே எல்லையாகக் கொண்டு கோடு போட்டிருப்பதும் தெரிந்தன.