ஆவிக்குரிய போராட்டத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

வீட்டில் அடுத்தடுத்து இரண்டு பேர் படுத்துவிட்டாலோ, கூடி வந்த கல்யாணம் தட்டிப்போனாலோ, "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று பக்கத்து வீட்டையும் நாத்தனாரையும் சந்தேகப்படுகிற பழக்கம் நம் சபைகளுக்குள்ளும் இருக்கிறது. முதலில் அதை விடுங்கள். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்குப் போராட்டம் என்று, எபேசு சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய நிருபம் (எபேசியர் 6:12) சொல்கிறது. ஒரு மனுஷியை எதிரியாக்கி அவளுக்கு விரோதமாக ஜெபிக்க ஆரம்பித்த அன்றே நாம் தவறான களத்துக்குப் போய்விட்டோம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? சர்வாயுதவர்க்கத்தை, அதாவது தேவன் தருகிற முழுப் போர்க்கவசத்தைப் பற்றிப் பேசுகிற 6-ஆம் அதிகாரத்துக்கு முன்னால், 4-ஆம் அதிகாரத்தை (26, 27 வசனங்கள்) படியுங்கள். சூரியன் அஸ்தமிக்கும் முன்பு எரிச்சல் தணியவேண்டும், பிசாசுக்கு இடங்கொடுக்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே பவுல் எழுதுகிறார். அப்பாவின் வீட்டுப் பங்கு விஷயத்தில் நான் என் அண்ணனோடு மூன்று வருஷம் பேசவில்லை. அந்த மூன்று வருஷமும் உபவாசம் இருந்தேன், முழு இரவு ஜெபத்துக்குப் போனேன், ஆனால் முழங்காலில் நின்றதும் வசனம் வராது, அண்ணன் அன்றைக்கு வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி நானே போன் பண்ணினேன். "சாப்பிட்டியாம்மா?" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக ஜெபித்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தால், அந்தப் போனைப் பண்ணிவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

அடுத்தது வசனம். வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. 40 நாள் பசியில் இருந்தவர் தேடிப் பார்த்துச் சொல்லவில்லை, அது ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்களைத் திரும்பத் திரும்பத் தாக்குகிற எண்ணத்தை இடது பக்கம் அப்படியே எழுதுங்கள், "தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்றால் அதையே. வலது பக்கம் எபிரெயர் 13:5. "இந்தப் பாவத்துக்கு மன்னிப்பே கிடையாது" என்ற எண்ணத்துக்கு எதிரே 1 யோவான் 1:9. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், பாத்திரம் தேய்க்கும்போதுகூடச் சொல்லலாம். இன்னொன்று: பிசாசும் அன்றைக்கு 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துப் பேசினான். ஆகவே வாக்குத்தத்த அட்டையில் இருக்கிற ஒரு வரியோடு நிற்காமல் அந்த அதிகாரத்தையே முழுசாக வாசியுங்கள்.

சர்வாயுதவர்க்கத்தைத் "தரித்துக்கொள்ளுங்கள்" என்று எபேசியர் 6-இல் இருப்பதைத் தமிழில் வாசிக்கும்போது நம்மைத் தனியாக மரியாதையோடு கூப்பிடுவது போல இருக்கும். ஆனால் பவுல் அதை ஒரு சபைக்கு எழுதினார். ரோமச் சேவகர்கள் பெரிய கேடகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் அம்புகளைத் தாங்குவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு "எனக்கு முடியல, ஜெபம் பண்ணுங்க" என்று சொல்ல உங்களுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் இந்த வாரமே தேடுங்கள், போதகர் மட்டும்தான் ஜெபிக்கவேண்டும் என்பதில்லை.

எபேசு பட்டணத்தில் விசுவாசிகள் எரித்த மாயவித்தைப் புத்தகங்களின் விலை 50,000 வெள்ளிக்காசு. நம் வீட்டில் பயத்துக்காகக் கட்டிய கயிறோ தாயத்தோ இருந்தால் எடுத்துவிடுங்கள். அதே அதிகாரத்தில் (அப்போஸ்தலர் 19) ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் குமாரர்கள் இயேசுவை அறியாமலே அவர் நாமத்தைச் சொல்லிப் பிசாசைத் துரத்தப்போய், காயப்பட்டு ஓடினார்கள். சத்தம் போடுவதில் அதிகாரம் இல்லை, அவரோடு நடக்கிற நடையில் இருக்கிறது.

உடம்பையும் பாருங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான். தூக்கமே வராமல், சாவைப் பற்றியே நினைவு ஓடினால் ஜெபத்தோடு டாக்டரிடமும் போங்கள், யார் சொன்னாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் உபவாசத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஜெயித்த மறுநாள் மிகவும் கவனம். லூக்கா 4:13-ல் பிசாசு "சிலகாலம்" விலகினான் என்றுதான் இருக்கிறது. மூன்று நாள் உபவாச ஜெபம் முடித்து வந்த அன்று சாயங்காலமே குழம்பில் உப்பு இல்லை என்பதற்காக எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்திருக்கிறது. இப்போதெல்லாம் அன்றைக்கு எந்த முக்கியப் பேச்சையும் எடுக்கமாட்டோம். கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு, ஒரு சங்கீதம் வாசித்து, ஒன்பது மணிக்கே படுத்துவிடுவோம்.