ரோமானியச் செப்புக்காசு வாங்குகிறீர்களா? முதலில் புளியைத் தூர வையுங்கள்

என் கைக்கு வந்த முதல் ரோமானியக் காசை நான் புளி போட்டுத் தேய்த்தேன். வீட்டில் குத்துவிளக்குக்குச் செய்வதைத்தானே செய்கிறோம் என்ற எண்ணம். பத்து நிமிடத்தில் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. பெருமையோடு ஒரு பழைய சேகரிப்பாளரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

காசின் மேல் பச்சையாகவோ பழுப்பாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும் களிம்பு வெறும் அழுக்கில்லை. மண்ணுக்குள் பல நூறு ஆண்டுகள் கிடந்த உலோகத்தின் மேற்பரப்பே அப்படி மாறியிருக்கிறது. பல காசுகளில் எழுத்தும் முகமும் அந்தப் படலத்தில்தான் மிச்சம் இருக்கும். புளியோ எலுமிச்சையோ பட்டால் படலம் கரையும், அதோடு எழுத்தும் போகும், அடியில் குழி குழியான செம்புதான் தெரியும். அப்புறம் அதை எந்த விலைக்கும் விற்க முடியாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மெதுவாக எடுங்கள். அவசரம் வேண்டாம்.

ஒரே ஒரு பச்சையை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. வெளிறிய பச்சையில், மாவு போல உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது 'வெண்கல நோய்'. உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசை அரிக்கிறது. குச்சியால் தொட்டால் உதிருமா என்று பாருங்கள். உதிர்ந்தால் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள். வடிநீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இதை அலட்சியம் செய்தால் வாங்கிய காசு கண்ணெதிரே பொடியாகும்.

அடுத்தது, பழசு என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கை. ரோமானியச் சந்தையில் பாதிப் பேரின் பணம் போவது இதில்தான். 4ஆம் நூற்றாண்டில் பேரரசு முழுக்கப் பத்துக்கும் மேற்பட்ட அக்கசாலைகள் (காசு அடிக்கும் கூடங்கள்) சின்னச் சின்னச் செப்புக்காசுகளை அடித்துக் குவித்தன. பானை பானையாகப் புதைத்து வைத்தவை இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அடையாளம் தெரிகிற, சுமாரான நிலையில் உள்ள காசு வெளிநாட்டில் 20, 30 டாலருக்கே கிடைக்கும். கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் இந்தக் காலத்துச் செப்புக்காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் இன்னும் அதிகம், அங்கேயே செய்த நகல்கள் உட்பட. எனவே தேய்ந்துபோன ஒரு சிறு காசைக் காட்டி '1,600 வருஷம் பழசு சார்' என்று ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்டால், அவர் சொல்லும் வயது சரியாக இருக்கலாம், விலை தவறு.

அடையாளம் காண்பதில் எல்லோரும் முகத்தைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். 4ஆம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கான்ஸ்டன்டினுஸ், ஒரு மகன் அதே பெயரில் கான்ஸ்டன்டினுஸ், இன்னொரு மகன் கான்ஸ்டன்டியுஸ். முகங்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பெயருக்குப் பிறகு வரும் பட்டம்தான் துப்பு: 'மேக்ஸ் ஆக்' (MAX AVG, மாமன்னர்) என்றால் அப்பா, 'இளைய' என்ற பொருளில் 'ஐயுஎன்' (காசில் IVN) வந்தால் அதே பெயர் கொண்ட மகன். பின்பக்கத்தையும் விடாதீர்கள். இரண்டு வீரர்கள் நடுவே இரண்டு கொடிகள் இருந்தால் 330ஐ ஒட்டிய ஆண்டுகள். 335 வாக்கில் காசின் எடையைக் குறைத்தபோது கொடியும் ஒன்றாயிற்று. படத்துக்குக் கீழே கோட்டுக்கடியில் இருக்கும் எழுத்துகள் அக்கசாலையைச் சொல்லும். 'எஸ்எம்ஏஎன்' (SMAN) என்றால் அந்தியோக்கியா, 'எஸ்எம்ஏஎல்' (SMAL) என்றால் அலெக்சாந்திரியா. ஒரே காசு, ஓர் ஊரில் அடித்தது மலிவாகவும் இன்னோர் ஊரில் அடித்தது அரிதாகவும் இருப்பதுண்டு.

தராசு இல்லாமல் வாங்கப் போவதும் தவறுதான். முதல் இரண்டு நூற்றாண்டுகளின் பெரிய காசுகளைப் பொதுவாக வெண்கலம் என்கிறோமே தவிர, அவற்றில் செஸ்டர்டியஸ், டுபோண்டியஸ் என்ற இரண்டு வகையும் பித்தளை, ஆஸ் என்ற வகை மட்டும் பெரும்பாலும் செம்பு. செஸ்டர்டியஸ் 25 கிராம் வாக்கில் இருக்கும். மற்ற இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. களிம்பு மூடிவிட்டால் நிறமும் தெரியாது. பேரரசர் நீரோ காலத்துக்குப் பிறகு, காசில் உள்ள தலையில் கதிர்முடி (சூரியக்கதிர் போன்ற கிரீடம்) இருந்தால் பெரும்பாலும் டுபோண்டியஸ், இலைமுடி (இலைகளால் ஆன கிரீடம்) இருந்தால் ஆஸ்.

போலிகளைப் பற்றி ஒரு சின்ன வேடிக்கை. 69ஆம் ஆண்டில் மூன்றே மாதம் ஆண்ட பேரரசர் ஓத்தோவின் பெயரில் ரோம் அக்கசாலை தங்கமும் வெள்ளியும் அடித்தது, செப்புக்காசு அடிக்கவே இல்லை. ஆகவே ஓத்தோவின் செஸ்டர்டியஸ் என்று யாராவது நீட்டினால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம், அது போலி. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரத்து ஜொவான்னி தா கவினோ செய்த அழகான நகல்கள் இன்றும் சுற்றி வருகின்றன, அவற்றுக்கே தனியாக வாங்குவோர் உண்டு! வார்ப்புப் போலிகளில் விளிம்பில் தையல்கோடு, மேற்பரப்பில் குமிழிக்குழிகள், சோப்பு போல மழுங்கிய எழுத்து என ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். இதைவிட மோசமானது, நிஜக்காசின் தலைமுடியை உளியால் புதிதாகக் கீறிக் கூர்மையாக்குவது. காசு அசல், அழகு போலி.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் தொகையை விலை என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் முடிந்த தொகையைப் பாருங்கள். பழைய பட்டியல்களில் அரிய காசு என்று போட்டிருக்கும் குறிகளையும் அப்படியே நம்பாதீர்கள். மண்ணுக்கடியில் உலோகம் கண்டறியும் கருவி பரவி, புதைந்த காசுகள் அதிகம் வெளிவருவதற்கு முன்பு எழுதியவை பல. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகவே காசு வகைகளை ஒப்பிடலாம். திரை முழுக்கத் தெரியும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால், வருவது சட்டைப் பொத்தான் அளவு காசாக இருக்கும். மில்லிமீட்டரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நூறாண்டு கடந்த காசு தொல்பொருள், தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காசின் அசல்தன்மைக்கும் நிலைக்கும் தரச்சான்று வாங்க அமெரிக்காவுக்கு அனுப்பினேன் என்று சொன்னாலும் குற்றம்தான். மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுச் சட்டம், அந்தப் பத்து ரூபாய் அப்போது போட்டது.